செப்டம்பரில் கொல்லையில் ஹம்மிங்பேர்ட் பார்க்க நண்பர்களைக் கூப்பிடுகிறேன், என்னென்ன ஏற்பாடு செய்யலாம்?

சுகர்லேண்ட்வாசி (ஆகஸ்ட் 19)
எல்லோருக்கும் வணக்கம். டெக்சஸில் ஹ்யூஸ்டன் பக்கம் சுகர்லேண்டில் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. போன செப்டம்பரில் கொல்லையில், சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் ஃபீடர் ஒன்றே ஒன்று மாட்டினோம், இரண்டு வாரம் அந்தக் குட்டிப் பறவை ஹம்மிங்பேர்ட் ஓயாமல் வந்தது, என் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தோளில் இருக்கும் பையைக்கூடக் கழற்றாமல் ஜன்னலில் போய் நின்றுவிடுவாள். இந்த வருஷம் தெரிந்த குடும்பங்களை அழைத்து எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று ஆசை. ஏழெட்டுக் குடும்பம், குழந்தைகளோடு சேர்த்து முப்பது பேர் வரலாம். செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்து, கொஞ்சம் பாட்டு, கிரில், அப்புறம் பறவை என்று நினைத்திருக்கிறேன். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், அவருக்கும் காட்ட வேண்டும். கடையில் சிவப்புப் பொடி நெக்டார் பாக்கெட் இரண்டு வாங்கியாயிற்று. யாராவது இப்படி ஆட்களைக் கூட்டி நடத்தியிருந்தால் சொல்லுங்கள்.

வலசைக்காரி
நல்ல யோசனை, தேதியும் சரியாக விழுந்திருக்கிறது. நம் மெக்சிகோ வளைகுடாக் கரைக்கு ரூபி த்ரோட்டட் (செம்மணிக் கழுத்து) ஹம்மிங்பேர்ட் அதிகமாக வருவது செப்டம்பர் முதல் பாதியிலிருந்து மூன்றாவது வாரம் வரைதான். ஆனால் நேரம், ஆள் எண்ணிக்கை, அந்தப் பாக்கெட், மூன்றையும் மாற்றுங்கள் என்பேன்.

முதலில் பாக்கெட். சிவப்புச் சாயம் பறவைக்குத் தேவையே இல்லை, ஃபீடரின் பூ மாதிரியான சிவப்பு மூடியே அதைக் கூப்பிட்டுவிடும். வீட்டில் இருக்கும் சாதாரண வெள்ளைச் சர்க்கரை ஒரு கப், தண்ணீர் நாலு கப், கரைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். நம் ஊர் வெயிலில் 90 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் போகும் நாட்களில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை, முடிந்தால் தினமும், பழையதைக் கொட்டிவிட்டு வெந்நீரும் பிரஷ்ஷும் வைத்துத் துளை துளையாகக் கழுவ வேண்டும். தண்ணீர் கலங்கலாகத் தெரிந்தால் அது ஏற்கெனவே கெட்டுப்போயிற்று. விருந்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே இதை ஒழுங்காகச் செய்தால்தான் அன்றைக்குப் பறவை இருக்கும், அன்று காலையில் புதிதாக மாட்டி வைத்தால் வராது.

நேரம்: நாலு மணிக்கு இங்கே வெயில் கொளுத்தும், பறவை பாதி நேரம் நிழலில் உட்கார்ந்துவிடும். விடிந்து முதல் இரண்டு மணி நேரம்தான் உச்சம், இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிட்டு வரும். பொழுது சாயும் முன் இன்னொரு உச்சம் உண்டு, ஆனால் அப்போது கொசு.

ஆள்: பன்னிரண்டு, பதினைந்துக்கு மேல் வேண்டாம். இந்தப் பறவை மனிதர்களுக்கு அவ்வளவு பயப்படாது, பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கண்டுகொள்ளாது. ஓடுவது, நடந்துகொண்டே இருப்பது, பின்னால் திடீரென்று கத்துவது, இதெல்லாம்தான் விரட்டும்.

தாமிரபரணி77
வெள்ளைச் சர்க்கரையா? நாமே அதை நிறுத்திவிட்டு நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு என்று போய்க்கொண்டிருக்கிறோம், அந்தச் சின்ன ஜீவனுக்குப் போய் வெள்ளைச் சர்க்கரையா கொடுப்பது? தேன் கலந்தால் என்ன, பூவில் இருப்பதும் தேன்தானே?

வலசைக்காரி
இந்தக் கேள்வி நம்மவர்களிடம் ஒவ்வொரு தடவையும் வரும், நியாயமான கேள்விதான். பூவில் இருப்பது தேன் இல்லை, மது, அதாவது நெக்டார். அதைத் தேனீ கொண்டுபோய் வற்றவைத்து மாற்றினால்தான் தேன். தேனில் தண்ணீர் சேர்ந்தால் சீக்கிரம் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சை பறவைக்கு ஆபத்து. நாட்டுச்சர்க்கரையிலும் கருப்பட்டியிலும் நாம் எதை நல்லது என்கிறோமோ அந்த இரும்புச்சத்துதான் இங்கே பிரச்சினை, அதன் உடம்பால் அவ்வளவு இரும்பைத் தாங்க முடியாது. பூ மதுவில் இருக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு சுக்ரோஸ், வெள்ளைச் சர்க்கரையும் சுக்ரோஸ். அதனால் அதுவே போதும். சத்தெல்லாம் அது பூச்சியிலிருந்தும் சிலந்தியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. சர்க்கரைத் தண்ணீர் பறப்பதற்கான எரிபொருள் மட்டும்.

கொல்லைத்தோட்டம்
ஹ்யூஸ்டன் பக்கத்துக் கேட்டி ஊரிலிருந்து எழுதுகிறேன். நான்கு வருஷமாக நானும் என் வீட்டுக்காரரும் செப்டம்பரில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். முதல் வருஷம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும், சொல்ல மனசு கஷ்டமாக இருக்கிறது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் உள்ளே இருந்தும் தெரியட்டும் என்று ஃபீடரை ஹாலின் பெரிய கண்ணாடிக் கதவிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித் தொங்கவிட்டிருந்தேன். குழந்தைகள் தண்ணீர்த் துப்பாக்கியோடு ஓடி வந்தபோது ஒரு பறவை மிரண்டு நேராகக் கண்ணாடியில் வந்து மோதியது. எடுத்துப் பார்த்தால் உள்ளங்கையில் கனமே இல்லை. செத்துவிட்டது. குழந்தைகள் அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள், ஒரு பையன் அன்று சாப்பிடவே இல்லை.

அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன், ஃபீடர் கண்ணாடிக்கு மூன்றடிக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முப்பது அடிக்கு அப்பால். மூன்றடிக்குள் இருந்தால் மிரண்டு கிளம்பினாலும் வேகம் பிடிப்பதற்குள் கண்ணாடி வந்துவிடும், பெரிய அடி படாது. நடுவில் இருக்கும் தூரம்தான் மோசம். இதை நீங்கள் அனுபவப்பட்டுக் கற்றுக்கொள்ள வேண்டாம். உள்ளே இருந்து பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியிலேயே ஒட்டுகிற ஃபீடர் கிடைக்கிறது.

சுகர்லேண்ட்வாசி
அக்கா, படித்ததும் எழுந்து போய் அளந்து பார்த்தேன். எங்கள் ஃபீடர் கண்ணாடிக் கதவிலிருந்து சரியாக ஒன்பது அடி. இன்றைக்கே மாற்றுகிறேன். வலசைக்காரி சொன்னபடி காலை நேரத்துக்கு மாற்றி, நாலு குடும்பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மற்றவர்களை அடுத்த வாரம் தனியாகக் கூப்பிடலாம். கிரிலும் பாட்டும் வேண்டாம், இட்லி, சட்னி, ஃபில்டர் காபி போதும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

இன்னொரு கேள்வி. போன வருஷம் ஒரே ஒரு தடியன் ஃபீடரைக் காவல் காத்துக்கொண்டு வேறு எதையும் கிட்டே விடவில்லை. விருந்தாளிகள் வந்து ஒரு பறவையை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்களா?

வலசைக்காரி
காவல்காரன் எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு பூச்செடியைப் பிடித்துவைத்தால் அன்றைய சாப்பாடு உறுதி என்பதால் வந்த குணம் அது. நாலு ஃபீடர் வையுங்கள், ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி, வீட்டு மூலை திரும்பி ஒன்று, மரத்துக்கு அந்தப் பக்கம் ஒன்று. எல்லாவற்றையும் அதனால் காக்க முடியாது. கூட்டம் அதிகமாகும் நாளில் அதுவே அலுத்துப்போய் விட்டுவிடும், அப்போது ஒரே ஃபீடரில் ஐந்தாறு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பதைப் பார்க்கலாம்.

வருகிறவர்களிடம் ஒன்றை முன்பே சொல்லிவிடுங்கள். படத்தில் பார்க்கிற செம்மணிக் கழுத்து வளர்ந்த ஆணுக்கு மட்டும்தான், ஆண்கள் ஆகஸ்டிலேயே கிளம்பிவிடும். செப்டம்பர் நடுவில் வருவதில் பெரும்பாலும் பெண்களும் இந்த வருஷத்துக் குஞ்சுகளும், வெள்ளைக் கழுத்தோடு இருக்கும். இளம் ஆணுக்குத் தொண்டையில் ஒன்றிரண்டு சிவப்பு இறகு மட்டும் முளைத்திருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடிப்பது குழந்தைகளுக்கு நல்ல வேலை. அந்தச் சிவப்பும் சாயம் இல்லை, இறகின் அமைப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வருவது, கோணம் மாறினால் கறுப்பாகத் தெரியும். அதனால் நாற்காலிகளைச் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி போடுங்கள், காலை என்றால் மேற்கே பார்த்து.

தாமிரபரணி77
சரி, ஆனால் எனக்கு இன்னும் ஒரு உறுத்தல் இருக்கிறது. வலசை போகிற பறவையைச் சர்க்கரை காட்டி இங்கே நிறுத்திவைப்பது சரிதானா? குளிர் வந்த பிறகும் போகாமல் தங்கிவிட்டால்?

வலசைக்காரி
தங்காது. கிளம்பச் சொல்வது சாப்பாட்டுப் பஞ்சம் இல்லை, பகல் குறைவது. பகல் சுருங்கச் சுருங்க அதன் உடம்பு தானாகவே கொழுப்புச் சேர்க்க ஆரம்பித்துவிடும், ஃபீடர் இருந்தாலும் நேரம் வந்தால் போய்விடும். சாதாரணமாக 3 கிராம் இருக்கும் பறவை கிளம்பும் முன் 5, 6 கிராம் வரை ஏறும். ஒரு பென்னிக் காசு 2.5 கிராம், ஐந்து சென்ட் நிக்கல் 5 கிராம். அன்றைக்கு மேசையில் இரண்டு காசையும் வைத்து எல்லோர் கையிலும் கொடுத்துப் பாருங்கள், ஒரு பென்னியைவிடக் கொஞ்சம் கூட இருக்கிற பறவை ஒரு நிக்கல் ஆகி மெக்சிகோவைத் தாண்டி பனாமா வரை போகப்போகிறது என்றால் பெரியவர்களே வாய் பிளப்பார்கள்.

ராக்போர்ட்_பயணி
வளைகுடாவை ஒரே மூச்சில் தாண்டுகிறது, 800 கிலோமீட்டர், பதினெட்டு இருபது மணி நேரம், கீழே உட்கார ஒரு குச்சி கிடையாது, அதையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

வலசைக்காரி
அது உண்மைதான், ஆனால் நம் கொல்லைக்குச் சொல்லும்போது ஒரு திருத்தம். வசந்தத்தில் மெக்சிகோவின் யுகடானிலிருந்து வடக்கே வரும்போதுதான் கடலைத் தாண்டுவது அதிகம். இலையுதிர் காலத்தில் நிறைய பறவைகள் டெக்சஸ் கரையை ஒட்டியே தெற்கே இறங்கி நிலவழியாக மெக்சிகோவுக்குள் போகின்றன, நம் பக்கம் இவ்வளவு சேர்வதற்கு அதுவும் ஒரு காரணம். சுகர்லேண்டில் பார்க்கிற பறவை அடுத்து கடலுக்குள் போகுமா கரையோடு போகுமா என்று யாரும் சொல்ல முடியாது.

ராக்போர்ட்_பயணி
ஒப்புக்கொள்கிறேன், அதை நான் எல்லாப் பறவைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். டெக்சஸ் கரையில் இருக்கும் ராக்போர்ட்டில் ஒவ்வொரு செப்டம்பரும் ‘ஹம்மர்பேர்ட்’ என்ற பெயரில் ஹம்மிங்பேர்ட் திருவிழா நடக்கிறது, ஹ்யூஸ்டனிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும். அங்கே ஊர்க்காரர்கள் தங்கள் தோட்டத்தைத் திறந்துவிட்டு முன்பின் தெரியாதவர்களையும் உள்ளே விடுகிறார்கள், ஒரே தோட்டத்தில் இருபது முப்பது ஃபீடர் தொங்கும். 2017 ஆகஸ்ட் 25 அன்று ஹார்வி புயல் கரையேறியது அந்த ஊர்ப் பக்கம்தான். மரம் செடியெல்லாம் மொட்டையாக நின்ற அதே நேரத்தில்தான் பறவைகள் வந்து இறங்கும் காலம். அப்படிப்பட்ட வருஷத்தில் ஃபீடருக்கு என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள் தாமிரபரணி, உங்கள் உறுத்தல் கொஞ்சம் குறையும்.

தாமிரபரணி77
குறைந்தது. நன்றி. நானும் ஒன்று வாங்குகிறேன். என்னுடையது அடுக்குமாடி, பால்கனிதான், பரவாயில்லையா?

கொல்லைத்தோட்டம்
தாராளமாக. இரண்டாவது, மூன்றாவது மாடிக்குக்கூட வரும். பால்கனியில் ஒரு தொட்டி சிவப்பு சால்வியாவும் வையுங்கள். இடம் இருப்பவர்கள் டர்க்ஸ் கேப் வைத்தால் போதும், நம் ஊரில் பார்த்திருப்பீர்கள், விரியாமல் மொட்டாகவே தொங்குகிற செம்பருத்தி, அந்த இனம்தான். டெக்சஸில் தானாக வளர்வது, பாதி நிழலிலும் வரும், ஆகஸ்ட் செப்டம்பர் வெயிலில் பூத்துத் தள்ளும். ஃபயர்புஷ், கோரல் ஹனிசக்கிள் இரண்டும் நல்லது.

எறும்புக்கு: ஃபீடர் கொக்கிக்கு மேலே தண்ணீர் நிற்கிற சின்னக் கிண்ணம் விற்கிறார்கள், அது போதும். கம்பியில் எண்ணெயோ வேஸ்லினோ தடவாதீர்கள், இறகில் ஒட்டினால் பறவையால் அதைக் கோதி எடுக்க முடியாது. குளவி வந்தால் தட்டு மாதிரி இருக்கும் ஃபீடருக்கு மாறுங்கள், தண்ணீர் கீழே இருப்பதால் குளவி நாக்குக்கு எட்டாது, இதன் நீள நாக்குக்கு எட்டும். பழுத்து அழுகின வாழைப்பழத் தோலை ஒரு கூடையில் போட்டு ஓரமாகத் தொங்கவிடுங்கள், சின்னச் சின்ன ஈ மொய்க்கும், அதைப் பறந்துகொண்டே பிடித்துத் தின்பதைப் பார்க்கலாம்.

பியர்லேண்ட்_புதுசு
கொசுவுக்கு என்ன செய்வது? விருந்து என்றால் நாங்கள் இரண்டு நாள் முன்பு ஆள் கூப்பிட்டுக் கொல்லை முழுக்க மருந்தடித்துவிடுவோம்.

கொல்லைத்தோட்டம்
தயவுசெய்து வேண்டாம். அந்த மருந்து கொசுவை மட்டும் பார்த்துக் கொல்லாது, பறவை தின்கிற குட்டிப் பூச்சி, சிலந்தி எல்லாம் போய்விடும். எங்கள் பக்கத்து வீட்டில் அடித்துவிட்டுப் போன வாரம் எங்கள் வேலியோரச் செடியில்கூட ஒரு பூச்சி பார்க்கவில்லை. தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள், கொட்ட முடியாத இடத்தில் புழுவை மட்டும் கொல்லும் பிடிஐ வில்லை போடுங்கள், உட்காரும் இடத்தில் இரண்டு பெடஸ்டல் ஃபேன். காற்றில் கொசு நிற்காது. கொசு மருந்து தடவிய கையால் மட்டும் ஃபீடரைத் தொட வேண்டாம்.

பூனை வளர்ப்பவர்கள் அன்று மட்டும் இல்லை, அந்த மாதம் முழுக்க உள்ளே வைத்தால் நல்லது.

பியர்லேண்ட்_புதுசு
ஆள் வருவதை ரத்து செய்துவிட்டேன் அக்கா.

சுகர்லேண்ட்வாசி (செப்டம்பர், விருந்து முடிந்த மறுநாள்)
எப்படிப் போயிற்று என்று சொல்ல வந்தேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

பதினான்கு பேர். ஆறே முக்காலுக்கு வரச் சொல்லியிருந்தேன், சனிக்கிழமை யார் வருவார் என்று நினைத்தேன், எல்லோரும் ஏழு மணிக்குள் வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மழை பெய்து வடக்கேயிருந்து லேசான காற்று வந்திருந்தது, வலசைக்காரி தனிச்செய்தியில் அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு நிறைய வரலாம் என்று சொன்னது பலித்தது. விடிந்து பத்து நிமிஷத்தில் முதலாவது வந்தது. ஏழரைக்குக் கொல்லை முழுக்கக் கிச் கிச் என்று சத்தம், ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நம் காதோரம் உர்ரென்று போகும்போது சின்னக் குழந்தைகள் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே சமயத்தில் நான் எண்ணியது ஒன்பது. என் பெண் பதினொன்று என்கிறாள்.

குழந்தைகளை அமைதியாக உட்காரவைப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அது கஷ்டமாகவே இல்லை, ஆளுக்கு ஒரு பென்சிலும் காகிதமும் கொடுத்து ஆளுக்கொரு ஃபீடரை எண்ணச் சொன்னோம். பெரியவர்கள்தான் போனில் பேசிக்கொண்டு நடந்தார்கள். பிறகு ஒரு நண்பர் போனை ஸ்லோமோஷனில் வைத்து எடுத்தார், வினாடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் அடிக்கிற இறக்கை அதில் ஒவ்வொரு அடியாகத் தெரிந்ததும் எல்லோரும் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இறக்கையை முன்னுக்கும் பின்னுக்கும் எட்டுப் போடுவது போல அசைப்பது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் சுத்தம் செய்கிறேன் என்று தாழ்வாரத்து ஒட்டடையை எல்லாம் அடிக்கப் போனவரை, சிலந்தியும் அதில் மாட்டும் பூச்சியும் பறவைக்குத் தீனி அம்மா என்று நிறுத்தினேன். மறுநாள் காலையில் ஒரு பறவை அதே ஒட்டடை முன்னால் அந்தரத்தில் நின்று எதையோ கொத்தி எடுத்ததை அவர்தான் முதலில் பார்த்தார். பார்த்துவிட்டு, இது நம்மூர்த் தேன்சிட்டுதான், கொடிக்கம்பியில் கூடு கட்டுமே அதேதான் என்றார். தேன்சிட்டு வேறு, இது வேறு என்று என் பெண் விளக்கினாள், ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் இருக்கிறது, தேன்சிட்டு குடிப்பதற்குப் பெரும்பாலும் கிளையில் உட்காரும், இது நின்ற இடத்தில் பறக்கும், பின்னாலும் பறக்கும் என்று. அம்மா கேட்டுக்கொண்டார். கூடு எதில் கட்டும் என்று கேட்டார். சிலந்தி நூலில் என்றதும், அதுவும் அப்படித்தான் என்றார்.

ஒன்பதரை மணிக்கு எல்லோரும் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மூன்று குடும்பம் போகிற வழியிலேயே ஃபீடர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், கண்ணாடிக் கதவு தூரத்தை நான் ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கொல்லைத்தோட்டம்
அதைச் சொன்னதற்கு ரொம்ப நன்றி. எங்கள் வீட்டில் அடுத்த சனிக்கிழமை, உங்கள் பெண்ணையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

தாமிரபரணி77
பால்கனிக்கு ஆறாவது நாள் ஒன்று வந்தது. காலை காபியோடு இப்போது அங்கேதான் உட்காருகிறேன்.

சுகர்லேண்ட்வாசி (நவம்பர்)
பழைய இழையை எழுப்புகிறேன், மன்னிக்கவும். அக்டோபர் கடைசியில் எல்லாம் போய்விட்டன, ஒரே ஒரு ஃபீடரை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தேன். நேற்று ஒன்று வந்திருக்கிறது, முதுகில் பச்சை, விலாவில் செம்பழுப்பு, வாலடியிலும் அதே நிறம். இது வழிதவறியதா? ஏதாவது செய்ய வேண்டுமா?

வலசைக்காரி
வழிதவறியதில்லை, அருமையான விருந்தாளி. ரூஃபஸ் ஹம்மிங்பேர்டாக இருக்க நல்ல வாய்ப்பு. அலாஸ்கா வரை போய்க் கூடு கட்டுகிற இனம், ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சம் நம் கரைக்கு வந்து தங்கும். ஆனால் பெண்ணும் குஞ்சும் என்றால் ஆலன்ஸ் இனத்திலிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம், வால் இறகின் அகலத்தைப் பார்க்க வேண்டும். வாலை விரிக்கும்போது படம் கிடைக்கிறதா பாருங்கள். குளிரில் நாலைந்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றினால் போதும். உறைபனி என்று அறிவிப்பு வந்தால் ராத்திரி ஃபீடரை உள்ளே எடுத்து வைத்து, விடியும் முன் திரும்ப மாட்டிவிடுங்கள். குளிர் இரவில் அது உடல் சூட்டையும் இதயத் துடிப்பையும் இறக்கிக்கொண்டு மரக்கட்டை மாதிரி கிடக்கும், எழுந்ததும் உடனே சாப்பாடு வேண்டும்.

சுகர்லேண்ட்வாசி
புதன்கிழமை ராத்திரி உறைபனி என்கிறார்கள். அலாரம் ஐந்தே முக்காலுக்கு வைத்துவிட்டேன். அம்மா ஊருக்குப் போய்விட்டார், வாட்ஸப்பில் தினமும் அது வந்ததா என்று கேட்கிறார்.